தளை தட்டிய பெயர்

"எழுதினது நான்தான்" என்றார் முஸ்தாக் சேர். சொல்லிவிட்டு வாயைப் பூட்டிக்கொண்டார்.

மருதமுனையில் ஒரு கைத்தறிக் கடைக்கு மேலே, தகரம் போட்ட ரியூசன் வகுப்பு. மின்விசிறி பேருக்குத் தொங்கியது. ஸஜாத்தின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. காலையிலிருந்து கேட்ட கேள்விகளில் ஒன்றுக்காவது நேரான பதில் வந்திருந்தால் இந்தப் புழுக்கத்தை அவன் மன்னித்திருப்பான்.

"யாருக்கு எழுதினீங்க சேர்?"

"சொல்லமாட்டன்."

"நஸ்லாவுக்கா?"

"நஸ்லா என்னட்டப் படிச்ச புள்ள. வேற ஒண்டும் இல்ல."

"அப்ப பாட்டுக்குள்ள அவட பேர் எப்பிடி வந்த?"

"அதத்தான் நானும் பாக்கிறன்" என்ற முஸ்தாக் சேர், மேசையில் கிடந்த ஸஜாத்தின் ஃபோனை மறுபடி எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தார். திரையில் ஒரு சிவப்பு ரோசாப்பூ. அதன் மேல் வெள்ளை எழுத்தில் இரண்டு அடி.

*அலையெண்ணித் தோற்றேன் நஸ்லா உனது*
*நிலையெண்ணித் தூங்கா மனம்.*

அடியில் 'முஸ்தாக்' என்று பெயர். நேற்றுப் பின்னேரம் இந்தப் படம், யாருடையது என்று தெரியாத ஒரு நம்பரிலிருந்து பொத்துவிலில் இருக்கும் மாப்பிள்ளை நிப்றாஸின் உம்மாவுடைய வட்ஸ்அப்புக்குப் போயிருந்தது. நாளைக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு சாய்ந்தமருதில் நஸ்லாவுக்கும் நிப்றாஸுக்கும் நிக்காஹ். இன்றைக்குப் பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு சொல்வதற்குள் நியாயமான ஒரு பதில் வராவிட்டால் மாப்பிள்ளை வேன் ஏறமாட்டார் என்று பொத்துவிலார் சொல்லிவிட்டார்கள். அந்த நம்பருக்கு அடித்தால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பொம்பளைக் குரல் மூன்று மொழியில் சொன்னது. இப்போது பகல் தொழுகை லுஹரும் முடிந்துவிட்டது.

"பேர மாத்திக் கிடக்கு" என்றார் முஸ்தாக் சேர்.

"மாத்தினதுக்கு என்ன அத்தாட்சி?"

"பாட்டுத்தான் அத்தாட்சி. அந்த இடத்தில தளை தட்டுது. நான் தளை தட்ட எழுதமாட்டன்."

"சேர், பொத்துவில் மாமிக்கு தளை விளங்குமா? எனக்கே விளங்கல்ல. அசல்ல என்ன பேர் இருந்த எண்டு சொன்னா அலுவல் முடிஞ்சி."

"அவ இப்ப ஒருத்தர்ர பொண்டாட்டி. எனக்கு அவ பதிலே எழுதல்ல. நஸ்லாவக் காப்பாத்த இன்னொரு பொம்பளையப் புடிச்சிக் குடுக்கச் சொல்றீங்களா?" அவர் ஃபோனைத் திருப்பித் தந்தார். "எனக்கு வகுப்பு இரிக்கி. போய்ட்டு வாங்க."

படிக்கட்டில் இறங்கும்போது ஸஜாத் சுவரை ஒரு குத்து விட்டான். கைதான் நொந்தது.

ஸஜாத்துக்குத் தொழில் துப்பறிவது. கல்முனையில் டயர் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மேசை, ஒரு பெயர்ப் பலகை. உண்மையில் அவனுக்கு வருவதெல்லாம் மாப்பிள்ளை விசாரிப்பதுதான். பொடியன் குடிப்பானா, கட்டாரில் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறானா என்பது மாதிரி. இன்று காலை நஸ்லாவின் மூத்த மச்சான், அக்காவின் புருஷன் அஷ்ரப் தானே தேடி வந்து இந்த வேலையைத் தந்தபோது அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அஷ்ரப் படத்தை அனுப்பிவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "வீட்டில பொம்பளையளுக்கு இதக் காட்டவும் வேணாம், வாசிக்கவும் வேணாம். ஆம்பிளையள் நாங்க பாத்தது போதும்."

"காக்கா" என்றான் கோகுலன், மோட்டார் சைக்கிளின் ஆசனத்தில் சூடு தாங்காமல் எம்பி எம்பி உட்கார்ந்தபடி. பாண்டிருப்பைச் சேர்ந்த அவன்தான் ஸஜாத்தின் ஒரே உதவியாள், ஸஜாத்தை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்பான். "சேர் வாயத் துறக்காட்டியும் பாட்டு வாயத் துறந்துதான் கிடக்கு. ஒங்களுக்குக் காது இல்ல."

"ஒனக்கு இரிக்கோ?"

"உயர்தரச் சோதனையில மூண்டு தரம் தமிழ் எடுத்தவன் நான். மூண்டு தரமும் யாப்புக்கு முழுப் புள்ளி. மத்ததுக்கெல்லாம் முட்டை." அவன் ஸஜாத்தின் தலையிலிருந்த ஹெல்மெட்டில் விரலை மடித்துத் தட்டினான். "கேளுங்க. சொல்லத் தட்டித் தட்டிப் பிரிக்கணும். நேர் எண்டு ஒரு தட்டு, நிரை எண்டு ஒரு தட்டு. நேர் எண்டா சைக்கிள்ல ஒராள் போறது. நிரை எண்டா டபிள்ஸ். குறில் எழுத்து, பக்கத்தில இன்னொரு உயிருள்ள எழுத்துக் கண்டா அத ஏத்திக்கொண்டு போகும். நெடில் தனியத்தான் ஓடும். மெய்யெழுத்து வந்தா அதோட அந்தத் தட்டு முடிஞ்சி."

"தலைய விட்டுட்டுச் சொல்லு."

"தலைதான் நல்லாச் சத்தம் போடுது. அலை, யெண், ணித். டபிள்ஸ், சிங்கிள், சிங்கிள். மூண்டு தட்டு. அடுத்தது தோற், றேன். ரெண்டும் சிங்கிள். இதுதான் சட்டம்: வெண்பாவில ரெண்டு தட்டுச் சொல் சிங்கிள்ல முடிஞ்சா, அடுத்த சொல் டபிள்ஸ்லதான் துவங்கணும். மூண்டு தட்டுச் சொல் சிங்கிள்ல முடிஞ்சா, அடுத்தது சிங்கிள்ல துவங்கணும். தோற்றேன் ரெண்டு தட்டு. அப்ப அடுத்தது?"

"டபிள்ஸ்."

"வந்த என்ன? நஸ், லா. சிங்கிள், சிங்கிள். மோதுது. அதத்தான் சேர் தளை தட்டுது எண்ட. அதுக்குப் பொறகு வாற சொல்லப் பாருங்க. உன, து. டபிள்ஸ்ல துவங்குது. அப்ப அதுக்கு முன்னால இருந்த பேர் ரெண்டே தட்டு. முதல் தட்டு டபிள்ஸ், ரெண்டாவது சிங்கிள்."

ஸஜாத் ஹெல்மெட்டைக் கழற்றினான். முதல் தடவையாக அவனுக்கு ஏதோ பிடிபட்டது. பெயர் இல்லை. பெயர் இருந்த பள்ளம் இருக்கிறது. அதன் நீள அகலமும் தெரிகிறது.

"என்ட பேர் எத்தின தட்டு?"

"ஸஜாத். ஒரே தட்டுத்தான் காக்கா. அதுக்கு மேல ஒங்களுக்குத் தேவல்ல."

பாட்டை யாராவது மாற்ற வேண்டுமென்றால் அசல் பாட்டு கையில் இருக்க வேண்டும். அது போன இடத்தில் ஒரு பெண் இருக்கிறாள். அங்கிருந்து நஸ்லாவின் கல்யாணத்துக்கு வந்து சேர வேண்டுமென்றால் அவள் தூரத்து ஆளாக இருக்க முடியாது. கல்முனைச் சந்தை வாசலில் பிளேன்டீ குடித்துக்கொண்டே ஸஜாத் நஸ்லாவுக்கு அழைப்பு எடுத்தான்.

"அழுதனா எண்டு கேக்காதீங்க" என்றாள் நஸ்லா எடுத்தவுடனேயே. "அத எல்லாரும் கேட்டுட்டாங்க."

"கேக்கல்ல. முஸ்தாக் சேர்ட வகுப்புக்கு ஒங்கட குடும்பத்தில ஆரார் போன?"

"மூண்டு பேர். முதல்ல என்ட கூடப்பொறந்த றஸ்னா ராத்தாவும் மாமிட மகள் றபீக்காவும் போன. ரெண்டு பேரும் ஒரு செட். அவங்க முடிச்சிப் பல வருசத்துக்குப் பொறகுதான் நான் போன. ஏன்?"

"சும்மா."

"சும்மா எண்டு கேக்கிறவங்களுக்கு மச்சான் காசு குடுக்கமாட்டார்" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

கோகுலன் அதற்குள் மேசையில் தட்டத் தொடங்கியிருந்தான். "றஸ், னா. சிங்கிள், சிங்கிள். நஸ்லா மாதிரியேதான். மோதும். ராத்தா இல்ல. றபீக்கா." அவன் மெதுவாகத் தட்டினான். "றபீக், கா. டபிள்ஸ். சிங்கிள்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவ கல்யாணம் முடிச்சவ" என்றான் ஸஜாத். "புருஷன் நிந்தவூர்."

"தேத்தண்ணிய ஊத்துங்க காக்கா. போவம்."

காரைதீவு தாண்டும்போது மோட்டார் சைக்கிள் இரண்டு தடவை நின்றது. நின்ற ஒவ்வொரு தடவையும் ஸஜாத் அதற்கு ஒரு பெயர் வைத்தான். கோகுலன் அந்தப் பெயர்களையும் தட்டிப் பார்த்து அசை சொன்னான். நிந்தவூரில் வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டியபோது வெயில் சரியத் தொடங்கியிருந்தது.

றபீக்கா கேக் செய்து விற்கிறவள். முன் அறையில் ஏசி ஓடியது. மேசை நிறைய வெள்ளையாக இரண்டு தட்டுக் கேக் ஒன்று நின்றது. மேலே நீல எழுத்தில் 'நிப்றாஸ்' என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் வெறும் இடம். றபீக்காவின் கையில் ஐசிங் பை.

"நல்ல நேரம் வந்தீங்க" என்றாள் அவள், ஸஜாத் தன்னை யாரென்று சொன்னதும். "மத்தப் பேர எழுதவா வேணாமா? காலையில இருந்து ஒருத்தரும் பதில் சொல்றாங்க இல்ல. நாளைக்கு இத நான் ஆருக்குக் குடுக்கிற? ஊருக்குள்ள இன்னொரு நிப்றாஸத் தேடிப் போகவா?"

ஸஜாத் சுற்றி வளைக்கவில்லை. "முஸ்தாக் சேர் ஒங்களுக்குப் பாட்டு எழுதினாரா?"

றபீக்கா ஐசிங் பையை வைத்துவிட்டுச் சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கதிரையில் உட்கார்ந்து சிரித்தாள். ஸஜாத்துக்குக் காது சூடேறியது. காலையிலிருந்து எவரும் அவனை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை, இப்போது சிரிக்கவும் செய்கிறார்கள்.

"எனக்கா? காக்கா, அந்த மனிசனால நான் பட்ட பாடு ஒங்களுக்குத் தெரியா. பரிசளிப்பு விழா. என்ட பேர அவர்தான் எழுதிக் குடுத்த. தமிழ்ல றானாவில சொல் துவங்கக்கூடாதாம். அதுக்கு முன்னால ஒரு இ போடணுமாம். அறிவிப்பாளரும் எழுதினத எழுதின மாதிரி வாசிச்சிட்டார். 'இறபீக்கா.' மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அண்டையிலிருந்து நான் இறால். செட்டில எல்லாருக்கும் இறால். என்ட புருஷன்கூடக் கோவம் வந்தா, கிலோ என்ன வில எண்டு கேக்கிற."

கோகுலன் சிரிக்கவில்லை. அவனுடைய விரல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது.

"றானாவில துவங்கின எல்லார்ர பேரையும் அப்பிடித்தான் எழுதுவாரா?" என்று கேட்டான்.

"எல்லார்ர பேரையும்தான். றிஸ்வான் இறிஸ்வான், றமீஸா இறமீஸா, ற..." றபீக்கா நின்றாள். அவள் கண் கேக்கின் வெறும் இடத்துக்குப் போய்த் திரும்பியது. முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இறங்கியது. "நீங்க போங்க காக்கா. எனக்கு வேல கிடக்கு."

வெளியே வந்ததும் கோகுலன் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சொல்லித் துலை" என்றான் ஸஜாத்.

"இற, பீக், கா. மூண்டு தட்டு. மூண்டு தட்டுக்குப் பொறகு சிங்கிள் வரணும். உனது டபிள்ஸ். இடிக்குது. றபீக்கா இல்ல காக்கா. நாம வந்த பயணம் வீண்."

"அத அவட சிரிப்பே சொல்லிட்டு."

"மத்தப் பேருக்கு முன்னால ஒரு இ போடுங்க."

ஸஜாத் தானாகவே தட்டிப் பார்த்தான். மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியில், ஒரு விரலால். இறஸ். டபிள்ஸ். னா. சிங்கிள். பள்ளத்தில் பெயர் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

*அலையெண்ணித் தோற்றேன் இறஸ்னா உனது.*

"நஸ்லாட ராத்தா" என்றான் கோகுலன். "அஷ்ரப் காக்காட பொண்டாட்டி."

"இதச் செஞ்சவன் ஏன் நஸ்லாட பேரப் போட்டான் எண்டும் இப்ப விளங்குது. சும்மா வாயால சொல்லிப் பாத்தா றஸ்னாவும் நஸ்லாவும் ஒரே அளவு. பாட்டுக்குள்ள ஒரு இ அதிகமாக் கிடந்திச்சி. எழுத்துப் பிழை எண்டு நெனச்சிருப்பான்."

"பொண்டாட்டிட ஃபோன எடுத்து ஆற அமர வாசிக்கிற ஆள் ஊரில ஒருத்தர்தானே காக்கா."

"நம்மளக் கூலிக்குப் புடிச்சவர்" என்றான் ஸஜாத். கண்டுபிடித்தாயிற்று. கண்டுபிடித்ததை வாயால் சொல்ல முடியாது. முஸ்தாக் சேர் முதலிலேயே சொன்ன அதே இடத்தில், நிந்தவூர் வரைக்கும் பெற்றோல் எரித்துவிட்டு வந்து நிற்கிறான்.

சாய்ந்தமருதில் மீராமுகைதீன் ஹாஜியாரின் வளவுக்குள் இரண்டு வீடு. முன்னுக்கு டைல்ஸ் போட்டு, நிறம் அடித்து, மின்குமிழ்ச் சரம் தொங்கவிட்ட வீடு. அது நாளையிலிருந்து நஸ்லாவுக்கு. பின்னுக்கு இன்னொன்று, கதவுக்கு மேல் கொங்கிரீட் விட்டதோடு நின்றுபோய், ஜன்னல் ஓட்டை வழியாக ஆடு போய்வருகிறது. அது மூத்த மகள் றஸ்னாவுக்குச் சீதன வீடென்று தொடங்கியது. றஸ்னாவும் அஷ்ரப்பும் பிள்ளைகளும் இத்தனை காலமும் முன் வீட்டில்தான். நாளைக்குப் பிறகு அவர்கள் வாடகைக்கு இடம் பார்க்க வேண்டும்.

அஷ்ரப் அந்தக் கட்டி முடிக்காத வீட்டுக்குள் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பேரக் கண்டுபுடிச்சிட்டம் காக்கா" என்றான் ஸஜாத்.

"என்ன பேர்?"

"நீங்க அழிச்ச பேர்."

அஷ்ரப் கையிலிருந்த கதிரையை அடுக்கில் வைத்து, நேராக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகுதான் திரும்பினார்.

"ஒன்ன ஏன் புடிச்சன் தெரியுமா? நாலு பேரிட்ட விசாரிச்ச. பள்ளிவாசல்ல களட்டின செருப்பையே கண்டுபுடிக்கத் தெரியாதவன் எண்டாங்க."

"அது என்ட செருப்பு இல்ல. கோகுலன்ட" என்றான் ஸஜாத்.

"நான் பள்ளிவாசலுக்கு ஏன் போன எண்டு ஒருத்தரும் கேக்கல்ல" என்றான் கோகுலன்.

"பொத்துவிலுக்கு நீங்களே ஒரு கோல் எடுங்க காக்கா" என்றான் ஸஜாத். "பகிடிக்கு நான்தான் செஞ்சன், மன்னிச்சிக்கொள்ளுங்க எண்டு சொல்லுங்க. ஆர்ர பாட்டு, எங்க எடுத்த எண்டெல்லாம் சொல்லத் தேவல்ல. இதோட முடிஞ்சி."

"எடுக்காட்டி?"

ஸஜாத் முன் வீட்டின் பக்கம் கண்ணைத் திருப்பினான்.

"எடுக்காட்டி உள்ளுக்க போய் மாமாட்டச் சொல்லுவாய். என்னெண்டு சொல்லுவாய்? மூத்த மகள்ர பேரில ஒருத்தன் பாட்டுக் கட்டின எண்டா? சொல்லு. மனிசன்ட நெஞ்சில ஏற்கெனவே ரெண்டு ஸ்டென்ட்." அஷ்ரப் கதவு நிலைக்கு மேலிருந்த கொங்கிரீட்டைக் கையால் அறைந்தார். "இஞ்ச பாரு. எங்கட கல்யாணத்துக்கு எண்டு போட்டது. இதுக்கு மேல ஒரு கல் ஏறல்ல. சின்னவளுக்கு டைல்ஸ். இதுக்குள்ள, என்ட பொண்டாட்டிக்கு எவனோ எழுதினத புள்ளைகள்ர விளையாட்டு ஃபோனுக்குள்ள நான் வாசிக்கிறன். எனக்குக் கோவம் வரப்படாதா?"

"நஸ்லா என்ன செஞ்ச?"

"அவ ஒண்டும் செய்யல்ல. அவட கல்யாணம் கொஞ்சம் சொணங்கினாப் போதும் எண்டு நெனச்சன்." அஷ்ரப் அடுத்த கதிரையை எடுத்தார். "ஒனக்குச் சொல்ல ஏலா. எனக்குத் தெரியும். போ."

ஸஜாத் வெளியே வந்து தென்னையில் சாய்ந்து நின்றான். அஸருக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். உள்ளே போய்ச் சொன்னால் ஒருத்தியின் குடும்பம் போகும். சொல்லாவிட்டால் மற்றவளின் கல்யாணம் போகும். கழுத்தைப் பிடித்து உலுக்க ஆள் இருக்கிறது, உலுக்கியும் பயனில்லை.

"அந்த ஆள் காலையில ஒரே ஒரு நிபந்தனதான் போட்ட" என்றான் ஸஜாத் கடைசியில்.

"பொம்பளையளுக்கு வாசிச்சிக் காட்டவேணாம்."

"ஏன் எண்டு இப்பதான் விளங்குது. வா. ஒன்ட தொண்டைக்கு வேல இரிக்கி."

முன் வீட்டு மண்டபத்தில் மீராமுகைதீன் ஹாஜியார் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார். உள் அறைக்குப் போகும் வாசலில் பச்சைத் திரை. திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"என்ன மகன், ஏதும் அம்பிட்டிச்சா?"

"இல்ல ஹாஜியார்" என்றான் ஸஜாத். "ஆனா ஒரு வேல மிச்சம் இரிக்கி. அந்தப் பாட்ட இந்த வீட்டுப் பொம்பளையள் இன்னும் கேக்கல்ல. ஒருக்கா அவங்களுக்கும் வாசிச்சிக் காட்டிரலாம் எண்டு பாத்தன்."

பின்னாலேயே வந்த அஷ்ரப் வாசலில் நின்றார். "அது என்னத்துக்கு? அசிங்கம்."

"அவட பேரிலதானே வந்திருக்கு" என்றார் ஹாஜியார் களைத்த குரலில். "கேக்கட்டும். வாசிங்க தம்பி."

கோகுலன் ஃபோனைப் பார்க்காமலேயே சொன்னான். ஒவ்வொரு சொல்லாக, வகுப்பில் சொல்வதுபோல.

"அலையெண்ணித் தோற்றேன் நஸ்லா உனது. நிலையெண்ணித் தூங்கா மனம்."

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றுபோனது. ஸஜாத் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தி வரைக்கும் கொண்டுவந்து விட்டாயிற்று. இனி எந்தப் பக்கம் திரும்புவது என்பது அவனுடைய பாடு இல்லை. ஒருவரும் பேசாவிட்டால் அவன் எழும்பிப் போய்விடுவான். கல்முனைக்குப் போய்ப் பலகையைக் கழற்றி விறகுக்குக் கொடுப்பான்.

"தம்பி." குரல் நஸ்லாவுடையது இல்லை. "அந்தப் பேர் வாற இடத்த இன்னொருக்காச் சொல்லுங்க."

"தோற்றேன் நஸ்லா உனது."

"இடறுதுதானே?"

"ஓம் அக்கா" என்றான் கோகுலன். "இடறுது."

திரை விலகியது. றஸ்னா முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டு வெளியே வந்தாள். கையில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. அவள் புருஷனைப் பார்க்கவில்லை.

"வாப்பா, அது நஸ்லாட பேர் இல்ல. என்ட பேர். கல்யாணத்துக்கு முந்தி முஸ்தாக் சேர் எழுதினார். நான் பதில் எழுதல்ல. அதோட முடிஞ்சிது."

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?" என்றார் அஷ்ரப். "றஸ்னாவோ நஸ்லாவோ, ரெண்டும் ஒரே அளவுதானே. அதில எங்க இடறுது?"

சொன்ன பிறகுதான் அவருக்குத் தான் சொன்னது கேட்டது.

"ஒங்கட வாய்க்கு ரெண்டும் ஒண்டுதான்" என்றாள் றஸ்னா. "அவர் என்ட பேருக்கு முன்னால ஒரு இ போடுவார். நீங்க அத வேண்டாத எழுத்து எண்டு எறிஞ்சிட்டீங்க." அவள் வாப்பாவின் பக்கம் திரும்பினாள். "அந்தப் பாட்டு ரெண்டே இடத்திலதான் வாப்பா இருந்திச்சி. ஒண்டு அவர்ர மண்டைக்குள்ள. மத்தது புள்ளைகள் விளையாடுற பழைய ஃபோன்ல. புள்ளைகளுக்கு இன்னும் வாசிக்கத் தெரியா."

ஹாஜியாரின் கையில் தஸ்பீஹ் நகரவில்லை. அவர் மருமகனின் பக்கம் திரும்பினார். "அந்த வீட்டக் கட்டி முடிக்காதது என்ட குற்றம்" என்றார். "அத என்னட்டக் கேட்டிருக்கலாம்."



நஸ்லா திரையோரம் நின்று அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ராத்தா, நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள்.

"ஓம். இருந்திருக்கலாம். பொத்துவில் மாமிட நம்பரத் தா."

றஸ்னா கூடத்தில் நின்றே பேசினாள், எல்லாருக்கும் கேட்க. பெயர் தன்னுடையது, மாற்றியது தன் புருஷன், நஸ்லாவுக்கு இதில் ஒன்றுமில்லை என்று மூன்றே விசயம். அழவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. பிறகு கிழவியின் குரல் ஃபோனுக்கு வெளியேயும் கேட்டது. "ஒங்கட குடும்பத்தில ஒரு ஆளாவது நேராக் கதைச்சீங்க. ஜும்ஆவுக்குப் பொறகு வாறம்."

பாங்கு ஒலித்தது. றஸ்னா ஃபோனைத் தங்கையிடம் கொடுத்தாள்.

"நாளையோட இது இவட வீடு" என்றாள் அஷ்ரப்பிடம், முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்து. "நானும் புள்ளைகளும் பின்னுக்குப் போறம். தகரத்தப் போட்டு இருப்பம். நீங்க வாறதா இல்லையா எண்டு நீங்க யோசிங்க. வெங்காயம் பாதியில கிடக்கு." திரை மறுபடி மூடியது.

ஸஜாத்துக்கும் கோகுலனுக்கும் ஒருவரும் நன்றி சொல்லவில்லை. தேத்தண்ணீர்கூடத் தரவில்லை. கூலி பேசிய ஆளிடம் கூலி கேட்கும் முகம் ஸஜாத்துக்கு இருக்கவில்லை. மோட்டார் சைக்கிளை அவன் நான்கு தடவை உதைத்தான். ஐந்தாவது உதையில்தான் உறுமியது.

"வெண்டமா தோத்தமா காக்கா?" என்றான் கோகுலன் பின்னால் ஏறிக்கொண்டு.

"வாய மூடிக்கொண்டு இரி."

கோகுலனின் ஃபோன் அடித்தது. நிந்தவூரில் நம்பர் கொடுத்துவிட்டு வந்த வீடு. அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"ஐசிங் இறுகுது" என்றாள் றபீக்கா. குரலில் சிரிப்பு இல்லை. "நான் ஒண்டும் கேக்கல்ல. எழுதவா வேணாமா, அத மட்டும் சொல்லுங்க."

கோகுலன் ஸஜாத்தைப் பார்த்தான். ஸஜாத் தெருவைப் பார்த்தபடி தலையை ஆட்டினான்.

"எழுதுங்க" என்றான் கோகுலன். "நஸ்லா. முன்னால ஒண்டும் போடாதீங்க."